அரக்கா, காவிச் சிவப்பா? மலை வீட்டுச் சுவருக்கு அடர் சிவப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெயிண்ட் நிறுவனத்தின் ஷேடு கார்டில் அடர் சிவப்புப் பக்கத்தைப் புரட்டினால், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். மேட்டுப்பாளையத்துக் கடைவாசல் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுவும் அதுவும் ஒன்றுதானே” என்று ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிக் கலக்கி வாங்கி, டப்பாவை மலைக்கு ஏற்றிவிடுகிறோம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ சுவரில் பூசி, பிற்பகல் மூடுபனி ஜன்னலில் வந்து நிற்கும்போதுதான் நிறத்தின் உண்மையான குணம் தெரிகிறது. ஒன்று ஊதாவாகக் கறுக்கிறது. மற்றொன்று பழுப்பாக மங்குகிறது. பூசிய பிறகு தெரிவதைப் பூசுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு ஜோடி வேண்டும். 1927இல் ஜெர்மனியில் தொடங்கிய ரால் நிற எண் முறையில் 3005 என்பது ஒயின் சிவப்பு. 3011 என்பது பழுப்புச் சிவப்பு. கேட்டுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் பவுடர் கோட்டிங் செய்கிறவர்களிடம் இந்த எண்களைச் சொன்னால் தெரியும். சுவருக்குப் பூசும் எமல்ஷன் பெயிண்ட் கார்டுகளில் பெயரும் எண்ணும் வேறாக இருந்தாலும், ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் கார்டிலும் இந்த இரண்டுக்கும் நெருக்கமான கட்டங்கள் உண்டு. முதலாவதை அரக்கு என்றும், இரண்டாவதைக் காவிச் சிவப்பு என்றும் அழைக்கிறேன். பட்டுப்புடவைக் கடையில் புழங்குகிற அதே அரக்குதான்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். பகல் முழுவதும் புழங்குகிற, பனி வெளிச்சம் மட்டுமே வருகிற அறைக்குக் காவிச் சிவப்பு. விளக்கு போட்ட பிறகு ஆட்கள் கூடுகிற அறைக்கு அரக்கு. கார்டில் எது அழகு என்பதைவிட, அந்த அறையில் நீங்கள் எந்த நேரத்தில் உட்காருகிறீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி.

1. எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்

அடர் சிவப்பைத் தனியாகப் பார்த்தால் அதன் சாய்வு தெரியாது. கார்டிலிருந்து இரண்டு கட்டங்களையும் வெட்டியெடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். நடுவில் கலப்பில்லாத பளிச்சென்ற சிவப்புத் துண்டு ஒன்றை வையுங்கள். அதன் அருகே அரக்கின் நீலச் சாயலும் காவிச் சிவப்பின் மஞ்சள், பழுப்புச் சாயலும் உடனே தெரிந்துவிடும். எவ்வளவு உற்றுப் பார்த்தும் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்வதாகத் தோன்றினால், அவற்றுக்கிடையே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கைபேசியில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதில் பயனில்லை. கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்கிறது. அடர் சிவப்பில் அது தடுமாறுவது அதிகம். சென்னையில் இருக்கும் தம்பி திரையில் பார்ப்பது உங்கள் சுவரின் நிறமாக இருக்காது.

2. கார்டிலும் டப்பாவிலும் உள்ள விவரத்தைப் படியுங்கள்

சில நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்ற எண் தருகின்றன. விழும் வெளிச்சத்தில் எவ்வளவைச் சுவர் திருப்பித் தருகிறது என்பதற்கான அளவு அது: 0 என்றால் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. வெள்ளைச் சுவர் 80க்கு மேல் தரும். நாம் பேசும் இரண்டு சிவப்புகளும் 10க்குக் கீழே. அதாவது எதைப் பூசினாலும் அறை இருளும். “இது கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது” என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. இருளப்போகிறது என்பதை ஏற்றுக்கொண்டு, விளக்குக்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பயனுள்ள விவரம், கலர் கலக்கும் இயந்திரம் டப்பாவின் மேல் ஒட்டுவதற்கு அச்சிட்டுத் தரும் சீட்டில் இருக்கலாம். பல கடைகளில் எந்தச் சாயம் எத்தனை மில்லி என்பது அதில் வரும். இல்லாவிட்டால் கணினித் திரையைக் காட்டச் சொல்லுங்கள். ரெட் ஆக்சைடு பெரும்பங்காக இருந்தால் அது காவிக் குடும்பம். அந்த இரும்பு ஆக்சைடு வெயிலுக்கு எளிதில் வெளிறாது. சுவரை நன்றாக மூடும். மெஜந்தா அல்லது பளிச்சென்ற கரிமச் சிவப்புச் சாயத்தோடு கறுப்பும் சேர்ந்திருந்தால் அது அரக்குக் குடும்பம். நிறம் ஆழமாக இருக்கும். ஆனால் அடியில் இருப்பதை மறைக்கும் சக்தி குறைவு, நேர் வெயிலில் வெளிறும் வாய்ப்பு அதிகம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலும், 2,100 மீட்டரைத் தாண்டிய கொடைக்கானலிலும் வெயில் சூடாகத் தெரியாவிட்டாலும் அதன் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. தெற்கு ஜன்னலையொட்டிய சுவருக்கு அரக்கு பூச நினைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

3. சுவரில் தடவிப் பார்க்காதீர்கள், பலகையில் பூசுங்கள்

பழைய பச்சைச் சுவரின் நடுவே ஒரு கைப்பிடி அளவுக்குச் சிவப்பைத் தடவிப் பார்ப்பது பலருடைய வழக்கம். அந்தப் பச்சை சிவப்பைத் தூக்கிக் காட்டும், ஏமாந்துவிடுவோம். பக்கத்து நிறம் கண்ணை எப்படி மாற்றுகிறது என்பதைப் பிரான்சின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரல் 1839ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார். நூல் மங்கலாகத் தெரிகிறது என்று வந்த புகார்களை ஆராய்ந்தவர், பல இடங்களில் சாயத்தில் பழுது எதுவும் இல்லை, பக்கத்து நூலின் நிறமே காரணம் என்று கண்டுபிடித்தார்.

ஆகவே இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டுகள் இரண்டை வாங்குங்கள். பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் சாம்பல் நிறம் ஒரு பூச்சு. பிறகு இரண்டு சிவப்புகளையும் தனித்தனிப் பலகையில் மூன்று முறை பூசுங்கள். சாம்பல் எதற்கு என்பதைப் பூசும் கட்டத்தில் சொல்கிறேன். ஓரத்தில் இரண்டு அங்குலம் சாம்பலும் சிவப்பும் படாமல் வெள்ளையாக விடுங்கள். அப்போதுதான் பழைய சுவரின் நிறம் தேர்வில் தலையிடாது. ஈரமாக இருக்கும்போது எமல்ஷன் பாலேடு படிந்ததுபோல வெளிறித் தெரியும். காய்ந்த பிறகுதான் அடர்த்தி வரும். மலைக் குளிரில் ஓர் இரவு முழுவதும் காயவிட்ட பிறகே பாருங்கள்.

பலகையைத் தரையில் கிடத்திப் பார்க்கக் கூடாது. சுவரில் சாய்த்து நிமிர்த்தி வையுங்கள். கிடந்த பலகைக்கு ஜன்னல் வெளிச்சம் வேறு கோணத்தில் விழும்.

4. ஒரு நாள் முழுவதும் பார்ப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கோத்தகிரியில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. முன்னறையின் ஜன்னல் வடமேற்கே தேயிலைச் சரிவைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டு பலகைகளையும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தோம். காலையில் வானம் திறந்திருந்தபோது இரண்டும் சிவப்புதான். அரக்கு சற்று ஆழம், காவி சற்று வெதுவெதுப்பு, அவ்வளவே. பத்து மணிவாக்கில் தேயிலைச் சரிவின் மேல் வெயில் விழுந்ததும் அறைக்குள் வெளிச்சம் கூடியது. ஆனால் சிவப்புகள் மங்கின. காரணம் எளிது. வந்தது தேயிலையில் பட்டுத் திரும்பிய பச்சை வெளிச்சம். சிவப்புச் சுவர் பச்சையை விழுங்கிவிடும், திருப்பித் தராது. தேயிலைத் தோட்டத்தையோ புல்வெளியையோ பார்த்த ஜன்னல் இருக்கும் வீடுகள் எல்லாவற்றிலும் இது நடக்கும். மஞ்சள் சாயல் உள்ள காவி அந்த வெளிச்சத்தில் கொஞ்சமாவது தாக்குப்பிடித்தது. அரக்கு கறுத்தது.

பிற்பகலில் மூடுபனி இறங்கியது. பனி வெளிச்சத்துக்கு நிழல் இல்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் குளிர்ந்த வெண்மையாக வரும். அரக்கின் ஓரங்கள் ஊதாவாயின. பெயிண்டர் உள்ளே வந்து பார்த்தவர், “டீச்சரம்மா, காலையில் வைத்த பலகை இது இல்லையே, மாற்றிவிட்டீர்களா?” என்று கேட்டார். “மாற்றவில்லை அண்ணா, பின்பக்கம் உங்கள் கையெழுத்தே இருக்கிறது, பாருங்கள்” என்று டீச்சர் திருப்பிக் காட்டினார்.

அந்திப் பொழுதில் விளக்கு போடாமல் சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள். வாசலில் இருக்கும் ஜெரேனியப் பூக்களைக் கவனியுங்கள்: இலைகளின் விளிம்பு இன்னும் தெரியும்போதே சிவப்புப் பூக்கள் கறுத்துப்போயிருக்கும். மங்கிய வெளிச்சத்தில் கண் முதலில் இழப்பது சிவப்பைத்தான். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதியதால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. பனி மூடிய பிற்பகலில் அடர் சிவப்பு அறை திடீரென்று குகையாவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு நிறங்களும் இதில் தப்பாது; அரக்கு முன்னதாகவே விழுந்துவிடும்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரி வட அட்சரேகை 11 பாகையை ஒட்டி இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரைதான் வடக்கே போகும். அதில் ஜூனுக்குப் பிறகு ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மேகம். எனவே ஊட்டியில் வடக்கு ஜன்னல் மட்டுமே உள்ள அறைக்கு நேர் வெயில் மே மாதத்தையொட்டிச் சில வாரங்கள் கிடைத்தால் பெரிது. அந்த அறைக்கு அரக்கு வேண்டாம் என்பேன். கொடைக்கானலில் ஏரிச்சாலைப் பக்கத்துப் பழைய பங்களாக்களின் ஆழமான வராந்தாவுக்குப் பின்னால் இருக்கும் அறைகளுக்கும் இதே கதைதான்.

5. பல்பை மாற்றிப் பாருங்கள்

பூசுவதற்கு முன் பல்பைத் தீர்மானிக்க வேண்டும். பூசிவிட்டுப் பல்பைத் தேடுகிறவர்களே அதிகம்.

பல்பு வெளிச்சத்தின் சாயலைக் கெல்வின் என்ற எண்ணால் குறிப்பார்கள்: எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். நம் கடைகளில் மிகுதியாக விற்பது 6,500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. இது ஏற்கெனவே பனி வெளிச்சத்தின் இனம். அதன் கீழ் அரக்கு இரவிலும் ஊதாவாகத்தான் இருக்கும். 2,700 அல்லது 3,000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்கு மாறினால் அரக்கின் நீலச் சாயல் அடங்கி உள்ளிருக்கும் சிவப்பு மேலே வரும். அதே வெளிச்சத்தில் காவிச் சிவப்பு துருவின் பக்கம் நகர்ந்து, சிலருக்குப் பிடிக்காத அளவுக்குப் பழுப்பாகிவிடுகிறது. விளக்கு வெளிச்சத்தில் வாழும் சாப்பாட்டு அறைக்கும், கணப்பு மூட்டி உட்காரும் அறைக்கும் நான் அரக்கைச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விவரம் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும்: சி.ஆர்.ஐ. பல்பு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்கு இத்தனை என்று மதிப்பெண். அதில் ஓர் ஓட்டை உண்டு. வெளிர் நிற மாதிரிகள் எட்டின் சராசரிதான் அந்த எண். அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது ஆர்9 என்ற தனி அளவு. 80 சி.ஆர்.ஐ. உள்ள சாதாரண எல்.இ.டி. பலவற்றில் ஆர்9 பூஜ்யத்தையொட்டியே நிற்கும். அப்படிப்பட்ட பல்பின் கீழ் அரக்கும் காவியும் ஒரே பழுப்பாகத் தெரியும்; ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தேர்ந்தெடுத்த நிறத்தை நூற்றைம்பது ரூபாய்ப் பல்பு தின்றுவிடும். சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஆர்9 தனியாகக் குறிப்பிட்டிருந்தால் 50க்கு மேல் இருக்கட்டும். உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கலாம். முதலில் ஒன்றே ஒன்று வாங்கிப் பலகைகளுக்கு முன்னால் போட்டுப் பார்த்தால் போதும்.

6. அறையில் உடனிருக்கும் நிறங்கள்

பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை இருந்தால் காவிச் சிவப்புச் சுவர் அதோடு கலந்து, தரை எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும். அங்கே அரக்கு தரையிலிருந்து விலகி நிற்கும். இல்லையென்றால் நடுவே நான்கு அங்குல வெள்ளை அல்லது கறுப்புப் பட்டை வேண்டும். ஈட்டி மரச் சாமான்களுக்கு அரக்கு பொருந்தும். தேக்குக்கும் பிரம்பு நாற்காலிக்கும் காவி. சீலிங்குக்கு நீலம் கலந்த பால் வெள்ளை அடிக்காதீர்கள். சிவப்புக்கு மேலே அது ஆஸ்பத்திரி போலத் தெரியும். சற்று மஞ்சள் கலந்த வெள்ளையே போதும்.

நான்கு சுவருக்குமா, ஒன்றுக்கு மட்டுமா? நான்கிலும் பூசினால் சிவப்பிலிருந்து சிவப்புக்கு வெளிச்சம் தாவித் தாவி, பலகையில் பார்த்ததைவிட நிறம் ஆழமாகத் தெரியும். மூலையில் இரண்டு பலகைகளைச் செங்கோணமாக நிறுத்திப் பார்த்தால் இது முன்கூட்டியே விளங்கும். நான்கு சுவருக்கும் பூசுவதானால் ஒரு படி இளைத்த நிறத்தை எடுப்பது நல்லது.

7. சுவர் தயாரா?

மலை வீட்டில் ஓதம் இல்லாத சுவர் அபூர்வம். அடர் சிவப்பு அதை மறைக்காது, காட்டிக்கொடுக்கும். உப்புப் பூத்தால் வெள்ளைச் சுவரில் யாருக்கும் தெரியாது. அரக்குச் சுவரில் வாசலிலிருந்தே தெரியும்.

தடித்த பிளாஸ்டிக் தாள் ஓரடிச் சதுரம் எடுத்து, நான்கு விளிம்பையும் டேப்பால் சுவரோடு ஒட்டி இரண்டு இரவு விடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால், பழைய உரமூட்டையின் உள் உறையே இதற்கு உதவும். பிரிக்கும்போது சுவர்ப் பக்கம் நீர் முத்திட்டிருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. கூரைத் தகரம், வெளி வடிகால், சுவரையொட்டிய மண்மேடு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. அறைப் பக்கம் மட்டும் நீர் என்றால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் தீரும். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர்களின் மேல் நீர் புகாத பளபளப்பு எமல்ஷன் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்ட் தோலாக உரியும். அங்கே அரக்கு ஆசையை விட்டுவிட்டு, சுவாசிக்கக்கூடிய சுண்ணாம்புப் பூச்சில் காவிக்கல் கலந்து அடிப்பதே மேல். புதிய சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள். மலையில் அதற்கும் மேலே.

8. பூசுதல்

நீலகிரியின் மேற்குப் பகுதிக்கும் ஊட்டிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் கடுமை. ஜனவரியில் மழை விட்டிருந்தாலும் ஊட்டியில் உறைபனி. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே எமல்ஷன் சரியாகப் படலம் கட்டாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்றுக்குள் ரோலரைக் கழுவிவிட வேண்டும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகு, சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்று கொடுங்கள். அடர் நிறங்களுக்காகச் சாயம் கலக்கும் அடிப்படைப் பெயிண்டில் வெள்ளை நிறமி அநேகமாக இருக்காது. அதனால் அடியில் இருக்கும் வெள்ளை கசிந்து தெரியும். சாம்பல் அந்தக் கசிவை நிறுத்தும். இதோடு காவிச் சிவப்பு இரண்டு பூச்சில் மூடும். அரக்கு மூன்று கேட்கும், சில சுவர்களில் நான்கும். விலை பேசும்போது பெயிண்டரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் மூன்றாம் பூச்சின்போது தகராறு வரும். டப்பாவில் நான்கு மணி நேரத்தில் அடுத்த பூச்சு என்று எழுதியிருக்கும். அது சமவெளிக் கணக்கு. இங்கே ஒரு நாளுக்கு ஒரு பூச்சு.

தேவையான மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் கலக்கி வாங்குங்கள். எல்லா டப்பாக்களையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். கீழேயிருந்து வாங்கி, பாதிச் சுவரில் தீர்ந்து, மிச்சத்தை ஊட்டியில் கலக்கினால் எண் ஒன்றாக இருந்தும் நிறம் ஒன்றாக இருக்காது.

மேற்பரப்பு பளபளப்பே இல்லாத ‘மேட்’ வகையாக இருந்தால் கை பட்ட இடமெல்லாம் பளபளவென்று தடம் விழும். அதிகப் பளபளப்பு என்றால் பட்டியின் மேடுபள்ளம் முழுவதும் தெரியும். நடுத்தரமான சாட்டின் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நாற்காலி முதுகு உரசும் உயரத்தில் ஒரு மரப்பட்டையும் அடித்துவிடுங்கள்.

மிச்சப் பெயிண்டைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, இயந்திரச் சீட்டின் நகலை அதன் மேல் ஒட்டி, தேதியும் அறையும் எழுதி வையுங்கள். பின்னாளில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்காதீர்கள். அடர் சிவப்பில் ஒட்டுப்போட்டது உடனே தெரியும். அந்தச் சுவரை மட்டும் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை ஒரு பூச்சு முழுதாக அடித்துவிடுங்கள்.